பேசினுக்குள் சலம், வாளிக்குள் நாக்கு: கொழும்புப் பூனைகளின் குளியலறைச் சேட்டைகள்

பூனை வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் இம்முறை முக்கால்வாசி குளியலறையைச் சுற்றியே நிற்கின்றன. ஆச்சரியமில்லை. கொழும்பில் வளவுள்ள வீடுகள் குறைந்து, பூனைகளும் எங்களோடு சேர்ந்து தொடர்மாடிக்கு ஏறிவிட்டன. முன்பு மதிலுக்குப் பின்னால் மண்ணைக் கிளறி யாருக்கும் தெரியாமல் முடித்த காரியத்தை இப்போது எங்கள் கண்முன்னால் செய்கின்றன. பல கடிதங்களில் "வேணுமெண்டே செய்யுது டொக்டர்" என்ற வரி இருக்கிறது. பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. எங்கே போனது, எத்தனை தரம் போனது, குந்தியதா நின்றதா என்று பார்த்து எழுதுங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

எங்கள் கடுவனுக்கு மூன்று வயது. இரண்டு நாளாக மண் பெட்டியை விட்டுவிட்டு வாஷ் பேசினுக்குள் ஏறிக் குந்துகிறது. ஏழெட்டுத் தடவை போனாலும் சில சொட்டுத்தான் வருகிறது. அதுவும் ரோஸ் நிறம். மண்ணை மாற்றியதால் கோபமா? (வெள்ளவத்தை வாசகி)

கோபம் இல்லை அம்மா, வலி. இதை வாசிக்கும்போதும் அது முக்கிக்கொண்டிருந்தால் மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள். முதலில் பூனையைத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள்.

சிறுநீர்ப்பை அழற்சி வந்த பூனைக்கு ஒவ்வொரு தடவையும் எரியும். மண் பெட்டிக்குள் நின்றபோதுதான் எரிந்தது என்பதால் அது பெட்டியையே குற்றவாளியாக்கிவிட்டு, வழவழப்பான, குளிர்ந்த இடம் தேடும். பேசினும் குளியல் தொட்டியும் அதற்குத் தோதானவை. வெள்ளைப் பேசினில் குந்தியதால்தான் உங்கள் கண்ணுக்கு இரத்தம் தெரிந்தது. மண்ணுக்குள் போயிருந்தால் இன்னும் சில நாள் தெரியாமலே இருந்திருக்கும்.

கடுவனுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் சிறுநீர்க் குழாய் பெட்டையினுடையதைவிட மிக ஒடுக்கம். சளி போன்ற கசிவும் நுண்ணிய உப்புப் பளிங்குகளும் சேர்ந்து அடைத்துவிட்டால் ஒரு சொட்டும் வராது. கழிவு இரத்தத்திலேயே தேங்கி, பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு குழம்பும். ஒன்று இரண்டு நாளில் உயிரே போகலாம். முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் பருக்கிவிட்டு, மறுநாள் தொய்ந்த பூனையோடு வருகிறவர்கள் இன்றும் உண்டு. அடிக்கடி போவது, அழுவது, பின்பக்கத்தை ஓயாமல் நக்குவது, வாந்தி, வயிற்றைத் தொட்டால் சீறுவது: இதில் இரண்டு சேர்ந்தால் இரவு பதினொரு மணியானாலும் காத்திருக்க வேண்டாம். வலிக்குப் பனடோல் கொடுக்கவே கூடாது. அந்த மருந்தை உடைத்து வெளியேற்றப் பூனையின் ஈரலால் முடியாது. ஒரு குளிசை போதும், கொன்றுவிடும்.

அடைப்பில்லை, வெறும் அழற்சிதான் என்றால் பெரும்பாலும் கிருமி காரணமாக இராது. இளம் பூனைகளில் மன அழுத்தமே முக்கிய காரணம். பக்கத்து பிளாட்டில் சுவர் துளைக்கிறார்களா? புதுவருட வெடிச்சத்தமா? ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்து நிற்கிறார்களா? ஒளிந்துகொள்ள ஓர் இடம், ஈரச் சாப்பாடு, நிறையத் தண்ணீர். மருந்தோடு இவையும் வேண்டும்.

வெளிநாட்டு வீடியோக்களில் பூனை கொமட்டில் ஏறியிருந்து போகிறது. எங்கள் பிளாட்டில் இடமில்லை, பழக்கலாமா? (பம்பலப்பிட்டி)

பழக்கலாம், முடியாதென்றில்லை. அமெரிக்க ஜாஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸ் தன் பூனைக்கு அப்படிப் பழக்கி, படிப்படியாக எப்படிச் செய்வது என்று எழுதியும் வைத்தார். ஆனால் நான் சிபாரிசு செய்யமாட்டேன். கிளறுவதும் மூடுவதும் பூனைக்கு இரத்தத்தில் ஊறிய பழக்கம். கொமட்டில் அதற்கு வழியில்லை. வழுக்கும் விளிம்பில் நாலு காலையும் சமாளிப்பது குட்டிக்கும் கிழட்டுப் பூனைக்கும் கஷ்டம். முதல் கேள்வியில் வந்த மாதிரிச் சங்கதிகளும் தண்ணீரோடு போய்விடும், உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. பூனை மலத்திலிருக்கும் டொக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணியின் முட்டை போன்ற வித்துகள் சாதாரணச் சுத்திகரிப்புக்குச் சாகாதவை. கலிபோர்னியாவில் கடல் நீர்நாய்கள் இந்த ஒட்டுண்ணியால் செத்திருக்கின்றன. கொழும்பின் பழைய கழிவுநீர்க் குழாய்கள் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குத்தானே போய்ச் சேர்கின்றன. மலத்தைப் பையில் கட்டிக் குப்பையோடு போடுங்கள். கட்டியாகும் மண்ணைக் கொமட்டில் கொட்டினால் கடலுக்குப் போகமுன் உங்கள் வீட்டுக் குழாய்க்குள்ளேயே சீமெந்தாகிவிடும்.

நான் மூன்று மாதக் கர்ப்பிணி. பூனையை எங்காவது கொண்டுபோய் விடு என்று மாமி ஒற்றைக்காலில் நிற்கிறார். உண்மையிலேயே ஆபத்தா? (கொட்டாஞ்சேனை)

மாமியின் பயம் அடிப்படையில்லாதது அல்ல. ஆனால் பூனையை விரட்டத் தேவையில்லை. மேலே சொன்ன அதே டொக்ஸோபிளாஸ்மாதான் விஷயம். கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் சிசுவின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம், கருவும் கலையலாம். அதனால் இதை லேசாக எடுக்கக்கூடாது.

இனிப் பூனையின் பக்கத்தைப் பாருங்கள். எலி, பறவை, பச்சை இறைச்சி தின்று முதல் தடவை தொற்றும்போது ஓரிரு கிழமைதான் அது வித்துகளை வெளியேற்றும். அதன் பிறகு பெரும்பாலும் இல்லை. வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, அவித்த மீனும் கடைச் சாப்பாடும் தின்னும் பூனைக்கு இது வரும் வாய்ப்பு மிகக் குறைவு. வெளிவந்த வித்தும் உடனே தொற்றாது. பழுக்க ஒன்று முதல் ஐந்து நாள் வேண்டும். ஆகவே மண் பெட்டியை ஒவ்வொரு நாளும் துப்புரவாக்கினால் பாதிப் பிரச்சினை முடிந்தது. அந்த வேலை இனிக் கணவருடையது. (பல குடும்பங்களில் இந்த ஒரு பதில் மட்டும் தபாலில் தொலைந்துபோய்விடுகிறது.) அவர் ஊரில் இல்லாத நாளில் கையுறை போட்டுச் செய்து, சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள்.

பூனையைத் தடவுவதால் தொற்றுவது மிக அரிது. பலருக்கு இது வருவது அரைவேக்காட்டு இறைச்சியாலும் சரியாகக் கழுவாத கீரையாலும்தான். வல்லாரைச் சம்பலுக்கு இலையை ஒவ்வொன்றாகக் கழுவச் சொல்லி மாமியிடம் பொறுப்பைக் கொடுங்கள், அவருக்கும் நிம்மதி. முன்பே தொற்றி எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பார்க்க இரத்தப் பரிசோதனை இருக்கிறது, உங்கள் மகப்பேற்று வைத்தியரிடம் கேளுங்கள்.

நான் பாத்ரூமுக்குப் போனால் கூடவே வருகிறது. கதவைச் சாத்தினால் கீழால் கையை விட்டுக் கத்துகிறது. (தெஹிவளை)

சாத்திய கதவு பூனைக்குப் பிடிக்காது. அந்த இடமும் தன் எல்லைதான் என்பது அதன் எண்ணம். போதாததற்கு, அங்கே நீங்கள் போன் பார்த்துக்கொண்டு அசையாமல் இருக்கிறீர்கள். வேறெங்கே இவ்வளவு கவனம் கிடைக்கும்? ஏப்ரல் வெயிலில் டைல்ஸ் தரையின் குளிர்ச்சி வேறு. நோயல்ல, விட்டுவிடுங்கள்.

சட்டியில் தண்ணீர் வைத்தால் திரும்பியும் பார்க்காது. குளியலறை வாளியிலும் சொட்டும் பைப்பிலும்தான் குடிக்கிறது. கொமட்டிலும் ஒருநாள் பிடித்தேன்! (வத்தளை)

சட்டி எங்கே இருக்கிறது? சாப்பாட்டுக்கும் மண் பெட்டிக்கும் பக்கத்தில் என்றால் பல பூனைகள் தொடாது. வேறு மூலையில், அகலமான பீங்கான் கோப்பையில், விளிம்புவரை நிரப்பி வைத்துப் பாருங்கள். சில பூனைகளுக்கு ஓடும் தண்ணீர்தான் வேண்டும். அது ஆளுக்காள் மாறும் ருசி.

பூனை தண்ணீரை நாக்கால் அள்ளிக் குடிப்பதில்லை. நாக்கு நுனியால் மேற்பரப்பைத் தொட்டு மேலே இழுக்கும். கூடவே எழும் நீர்த்தூண் விழுமுன் வாயை மூடிவிடும். ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய நாலு தடவை! 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வேகக் கமராவில் பிடித்துக் காட்டிய சங்கதி இது. ஒவ்வொரு நக்கலிலும் வருவது ஒரு மில்லிலீட்டரின் பத்தில் ஒரு பங்குதான். நாலு கிலோப் பூனைக்கு, சாப்பாட்டிலிருப்பதையும் சேர்த்து, நாளொன்றுக்கு 200 மில்லிலீட்டர் அளவு தேவை. உலர்ந்த சாப்பாட்டில் பத்து வீதம்தான் ஈரம் என்பதால் வாளிக்கு வருவதில் நியாயமிருக்கிறது.

கொமட் மூடியை மட்டும் போட்டே வையுங்கள். தண்ணீரில் ஊற்றியதும் பால் மாதிரி வெள்ளையாகும் கிருமிநாசினிகளால் தரை கழுவினால், நன்றாக அலசிக் காயும்வரை பூனையை உள்ளே விடாதீர்கள். அந்தப் பீனோல் வகையையும் அதன் ஈரல் சமாளிக்காது. ஈரத்தில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்குவதே போதும்.

இரண்டுக்குப் போன கையோடு வீடு முழுக்க விழுந்தடித்து ஓடுகிறது. (கிருலப்பனை)

ஏனென்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. பாரம் இறங்கிய சந்தோஷம் என்றே வைத்துக்கொள்வோம். ஓடுமுன் கத்தினாலோ, பின்பக்கத்தைத் தரையில் தேய்த்தாலோ, மலம் இறுகி இருந்தாலோ காட்டுங்கள்.

கெட் லிட்டர் விலை கட்டுப்படியாகவில்லை. கடற்கரை மணல் அள்ளிப் போடலாமா? (வெள்ளவத்தை)

அனுமதியில்லாமல் கடற்கரை மணல் அள்ளுவது சட்டப்படி குற்றம். அதோடு அது ஈரம் காயாது, நாற்றத்தையும் பிடிக்காது. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட் லோ என்பவர் உறிஞ்சும் களிமண்ணைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்கும்வரை அங்கும் மணலும் சாம்பலும்தான். எங்களிடம் இருக்கவே இருக்கிறது தும்புத்தூள். நன்றாகக் காய்ந்த தும்புத்தூளோ மருந்தடிக்காத மரத்தூளோ மூன்று விரல் ஆழத்துக்குப் போட்டு, ஒவ்வொரு நாளும் நனைந்ததை எடுத்துவிடுங்கள். திடீரென்று மாற்றாமல் பழைய மண்ணோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலவுங்கள். வாசனை போட்டதை வாங்காதீர்கள், அந்த வாசம் உங்களுக்குத்தான். எத்தனை பூனையோ அதைவிட ஒரு பெட்டி கூட வைப்பது நல்லது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டை வைத்தால் பூனைக்கு அது ஒன்றுதான்.

கடுவன் குளியலறைக் கதவில் நின்றபடி பின்பக்கமாகப் பீச்சுகிறது. ப்ளீச் போட்டும் நாற்றம் போகவில்லை. (மட்டக்குளி)

நின்று, வாலை நடுக்கி, செங்குத்தான பரப்பில் அடித்தால் அது எல்லைக் குறி, மூத்திரம் பெய்வதல்ல. யன்னலுக்கு வெளியே வேறு கடுவன் நடமாடுகிறதா என்று பாருங்கள். நலமடித்தால் பத்துக் கடுவனில் ஒன்பது நிறுத்திவிடும். ப்ளீச்சை மூத்திரத்தின் மேல் ஊற்றினால் அமோனியாவோடு சேர்ந்து நச்சுவாயு வரும். சிறிய குளியலறையில் அது உங்களுக்கே ஆபத்து. நொதியம் கலந்த துப்புரவாக்கி கிடைத்தால் அதையே பாவியுங்கள்; இல்லாவிட்டால் சவர்க்காரத் தண்ணீரால் இரண்டு மூன்று தரம் கழுவி, வெயில் படவிடுங்கள்.

பதின்மூன்று வயதுக் கிழவி. பெட்டிவரை போய், அதற்குப் பக்கத்திலுள்ள கால்மிதியில் போகிறது. (பம்பலப்பிட்டி)

பெட்டிவரை போகிறதென்றால் பழக்கம் மறக்கவில்லை, ஏறத்தான் முடியவில்லை. பன்னிரண்டு வயது தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலானவற்றின் மூட்டில் தேய்மானம் தெரியும். நொண்டாமலே மறைத்துவிடும். பெரிய பிளாஸ்டிக் பெட்டியொன்றின் ஒரு பக்கத்தை நாலு விரல் உயரம் விட்டு வெட்டி, விளிம்பு கீறாமல் டேப் ஒட்டி வாசலாக்குங்கள். கால்மிதியைக் கொஞ்ச நாள் எடுத்துவிடுங்கள். முன்பைவிட அதிகம் குடித்து அதிகம் போகிறதென்றால் சிறுநீரகத்துக்கும் சீனிக்கும் ஓர் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வரும்போது காலையில் பிடித்த சிறுநீரைக் கழுவிக் காய்ந்த போத்தலில் கொண்டுவந்தால் எங்கள் வேலை பாதி குறையும். வெறும் பெட்டிக்குள் கழுவிய சின்னக் கற்களைப் போட்டு வைத்தால் அதில் போகும், சாய்த்து ஊற்றிக்கொள்ளலாம்.