ஜெட் இஞ்சினும் சூடும்: வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

விமான இஞ்சின் பற்றி எங்கள் குழுவின் வன்னி உறுப்பினர்கள் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். முக்கால்வாசி சூட்டைப் பற்றியே. அதுவும் சரிதான், இந்தத் துறையில் மூளையைக் கசக்கும் வேலை எல்லாம் அங்கேதான்.

அறிவியல்நகர், பொறியியல் மாணவி: அண்ணை, டர்பைனுக்குள்ள (எரிஞ்ச வாயு தள்ளிச் சுழலிற பகுதி) போற வாயு 1,600 பாகைக்கும் மேல. அதில சுழலிற தகடு, அந்த பிளேட் செய்யிற நிக்கல் கலப்புலோகம் 1,350 அளவிலேயே உருகிப்போகும். பிறகெப்பிடித் தாங்குது?

உலோகத்தை அந்தச் சூடு நேரே தொட விடுவதில்லை, தங்கச்சி. பிளேட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் பாதைகள் உண்டு. காற்றை அமுக்கும் கம்பிரசரிலிருந்து கொஞ்சக் காற்றைப் பிரித்து அதற்குள் விடுவார்கள். குளிர்காற்று என்பது பேருக்குத்தான், அதுவே 600 பாகையைத் தாண்டும்! மில்லிமீற்றருக்கும் குறைந்த துளைகளால் அது வெளியே வந்து, பிளேட்டின் மேல் படலமாகப் படரும். படலத்துக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் சிர்கோனியா பீங்கான் பூச்சு.

எனக்குப் பிடித்தது வார்ப்பு வேலை. உலோகம் சூட்டில் இழுபட்டு நீள்வதற்குப் படிகங்கள் ஒன்றோடொன்று சேரும் எல்லைகள் பெரிய காரணம். ஆகவே முழு பிளேட்டையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள். அச்சின் அடியில் ஒரு சுருள் பாதை. உலோகம் கீழிருந்து உறைந்து வரும்போது பல படிகங்கள் அதற்குள் நுழையும், ஒன்றுதான் மேலே தப்பி வரும். அச்சை உலையிலிருந்து மெல்ல மெல்லக் கீழிறக்க, அந்த ஒன்றே பிளேட் முழுக்க வளரும்.

மாங்குளம், விவசாயி: ட்ரக்டருக்கு ரேடியேற்றர் முன்னால இருக்கு. ஜெட்டுக்கு எங்க, தம்பி?

எரிபொருள்தான் ஐயா, பெரும்பாலும். பெயரிங்குகளில் சூடேறிய ஒயிலின் வெப்பம் ஒரு வெப்பமாற்றி வழியாக எரிபொருளுக்குப் போகும். ஒயில் ஆறும், இறக்கையில் குளிர்ந்து கிடந்த எரிபொருளும் சூடாகும். ஆனால் 2008 ஜனவரியில் ஒரு போயிங் 777 ஹீத்ரோவில் ஓடுபாதைக்கு முன்பே தரையில் விழுந்தது. எரிபொருள் குழாய்களில் படிந்த பனிக்கட்டி பெயர்ந்து வந்து, இந்த வெப்பமாற்றியின் முகப்பை அடைத்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. முகப்பில் சற்றே துருத்திக்கொண்டிருந்த சிறு குழாய்களைப் பிறகு மட்டமாக்கினார்கள்.

இனி வரும் இஞ்சின்களில் இப்படிச் சூட்டை வெளியேற்றுவது இன்னும் சிக்கல். ரோல்ஸ் ரொய்ஸின் அல்ட்ராஃபான் என்ற சோதனை இஞ்சின் 2023இல் முதன்முதல் ஓடியது. அதன் விசிறிக்கும் டர்பைனுக்கும் இடையிலுள்ள கியர்பெட்டி சோதனையில் 64 மெகாவாட்டைக் கடத்தியது. ஒரு வீதம் மட்டும் வீணானாலும் 640 கிலோவாட் சூடு! அதைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது?

புதுக்குடியிருப்பு: பலாலிக்கு வாற ஏ.டி.ஆர். காற்றாடி விமானம்தானே, பழைய தொழில்நுட்பமா?

இல்லை. காற்றாடியைச் சுற்றுவதும் ஜெட்டில் உள்ளது போன்ற காஸ் டர்பைன்தான், இடையில் கியர் இருக்கிறது. சென்னை போன்ற குறுந்தூரத்துக்கு அதுதான் சிக்கனம்.

பூநகரி: சோளகக் காத்தில பறக்கிற புழுதி இஞ்சினுக்குக் கெடுதலா?

கெடுதல்தான். இஞ்சின் எவ்வளவு நவீனமோ அவ்வளவுக்குக் கெடுதல். பழைய, சூடு குறைந்த டர்பைன்களில் தூசு பெரும்பாலும் தூசாகவே வெளியேறிவிடும். 1,200 பாகையைத் தாண்டினால் உருகிக் கண்ணாடியாகிப் பீங்கான் பூச்சுக்குள் ஊறும், ஆறும்போது பூச்சு உரிந்துவிடும். குளிர்காற்றுத் துளைகளும் அடைபடும்.

வவுனியா: அப்ப, முழுக்கப் பீங்கானாலேயே செய்தால் என்ன?

தொடங்கிவிட்டார்கள். 2016இல் சேவைக்கு வந்த லீப் இஞ்சினில், டர்பைன் பிளேட்டுகளைச் சுற்றியுள்ள வளையம் சிலிக்கன் கார்பைட் இழை வைத்த பீங்கான். எடை நிக்கலின் மூன்றிலொன்று, குளிர்காற்றும் குறைவாகப் போதும். சுழலும் பிளேட்டுக்கு அதை நம்ப இன்னும் தயக்கம், எனக்கும்தான். எரிவாயுவில் உள்ள நீராவி சிலிக்கன் கார்பைட்டை அரிக்கும், அதனால் அதற்கும் ஒரு பூச்சு வேண்டியிருக்கிறது.