சொல்லாமல் நின்ற வேலையும் நிற்காத கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பல்லடத்தில் நூல் வியாபாரம் செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தில் 4 ஆண்டுகள் 10 மாதங்கள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். சுமார் 35 பேர் வேலை செய்யும் இடம். மொத்தச் சம்பளம் 22,000 ரூபாய்; அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 18,000. சென்ற மாதம் 19ஆம் தேதி, இருப்புக் கணக்கில் வந்த ஒரு வித்தியாசத்துக்காக மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் மிகவும் கேவலமாகப் பேசினார். அன்று மாலை மேசைச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தவள், மறுநாள் முதல் போகவில்லை. கடிதம் எதுவும் கொடுக்கவில்லை. இப்போது 19 நாள் சம்பளத்தைத் தர மறுக்கிறார்கள். மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டாவிட்டால் போலீசில் புகார் கொடுப்போம், பி.எஃப். பணத்தை எடுக்க விடமாட்டோம், பி.காம். அசல் சான்றிதழைத் தரமாட்டோம் என்கிறார்கள். நியமனக் கடிதத்தில் ‘இரு தரப்பும் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது ஒரு மாதச் சம்பளம்’ என்று இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, பல்லடம்

பதில்: சகோதரி, முதலில் பயத்தை விடுங்கள். வேலையை விட்டு நின்றது குற்றமல்ல. அதற்காக உங்கள் மீது வழக்குப் பதிவு செய்யக் காவல் நிலையத்துக்கு எந்தச் சட்டப் பிரிவும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத தொழிலாளியை மாஜிஸ்திரேட் முன் நிறுத்திச் சிறைக்கு அனுப்ப வகை செய்த 1859ஆம் ஆண்டுச் சட்டத்தை, நம்மை ஆண்ட ஆங்கிலேய அரசே 1925இல் நீக்கிவிட்டது. இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு விதிவிலக்கு: தன்னைத் தானே கவனித்துக்கொள்ள இயலாத நோயாளியையோ குழந்தையையோ பராமரிப்பதாகச் சட்டப்படி ஒப்புக்கொண்டவர், வேண்டுமென்றே அவரைக் கைவிட்டுச் சென்றால் அது குற்றம். நூல் கணக்கு எழுதியவருக்கு அது பொருந்தாது.

ஆனால், நீங்கள் செய்தது சரி என்றும் நான் சொல்லமாட்டேன். ஒரு மாத முன்னறிவிப்பு தருவதாகக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள், தரவில்லை. அது ஒப்பந்த மீறல். அதன் விளைவு பணக் கணக்கோடு முடிகிறது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக ஒரு வேலையில் இருக்கும்படி எந்த நீதிமன்றமும் உத்தரவிட முடியாது. தனிப்பட்ட உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டப்படி கட்டாயமாக நிறைவேற்றவைக்க இயலாது. நிறுவனம் கேட்கக்கூடியது இழப்பீடு மட்டுமே. அதிலும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தொகையே உச்சவரம்பு என்றும், அதற்கு உட்பட்ட நியாயமான தொகையே கிடைக்கும் என்றும் சொல்கிறது. உங்கள் கடிதத்தில் ஒரு மாதம் என்று இருக்கும்போது மூன்று மாதம் என்பது எங்கிருந்து வந்தது? அதை எழுத்தில் கேளுங்கள், பதில் வராது.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30 நாள் கொண்ட மாதத்தில் 19 நாள் உழைத்ததற்கு உங்களுக்கு வரவேண்டியது 13,933 ரூபாய். முன்னறிவிப்புக்காக நீங்கள் தரவேண்டியது அதிகம் போனால் 22,000 ரூபாய். நியமனக் கடிதத்தில் வேறு பக்கத்தில் ‘சம்பளம்’ என்பது அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் மட்டுமே குறிக்கும் என்று விளக்கம் இருந்தால் அது 18,000 ஆகக் குறையும். ஆகவே அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை படியுங்கள். ஒன்றுக்கொன்று நேர் செய்தால் நீங்கள் கட்ட வேண்டியது 8,067 ரூபாய், அல்லது 4,067 ரூபாய். உங்களை உறங்கவிடாமல் செய்த 66,000 ரூபாய் மிரட்டலின் உண்மையான அளவு இதுதான்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் கடிதத்தில் மிகப் பெரிய தொகை அதுவே. பணிக்கொடை, அதாவது வேலையிலிருந்து விலகும்போது நிறுவனம் தரும் ‘கிராஜுவிட்டி’ பெற ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான்கு ஆண்டுகளை முடித்து, ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணி செய்திருந்தால் அதுவும் ஐந்து ஆண்டுப் பணியே என்று மேட்டூர் பியர்ட்செல் நிறுவன வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நீங்கள் ஐந்தாம் ஆண்டில் பத்து மாதம் வேலை பார்த்திருக்கிறீர்கள். சம்பளத்துடன் கூடிய விடுப்பும் அந்த 240 நாளில் சேரும். கணக்கு இப்படி வரும்: 18,000 ரூபாயை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஐந்து ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் 51,923 ரூபாய். முன்னறிவிப்பு தராமல் நின்றதைக் காரணம் காட்டி இதைப் பறிக்க முடியாது. நிறுவனத்துக்குச் சேதம் விளைவித்தல், வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் ஆகிய காரணங்களுக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கு மட்டுமே பணிக்கொடையை மறுக்கலாம்; 1972ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் சரி, இதையே சொல்கின்றன.

ஆக, உங்களிடம் பணம் கேட்டு மிரட்டும் நிறுவனமே உங்களுக்குத் தரவேண்டியது அதிகம். இரண்டையும் ஒன்றாகக் கலக்க மட்டும் இடம் கொடுக்காதீர்கள். முன்னறிவிப்புக்கான பாக்கியைத் தனியாகக் கட்டுங்கள். பணிக்கொடைக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்து 30 நாளுக்குள் தராவிட்டால் தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் இல்லாமலேயே கொடுக்கலாம்.

வருங்கால வைப்பு நிதியை நிறுவனம் நிறுத்திவைக்க முடியாது. அந்தப் பணம் அவர்களிடம் இல்லை. அவர்களால் செய்யக்கூடிய ஒரே தொல்லை, நீங்கள் வேலையிலிருந்து விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் இழுத்தடிப்பது. கடைசியாகச் சந்தா செலுத்திய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்தபின், யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்ணைக் கொண்டு உறுப்பினர் இணையதளத்தில் நுழைந்து, ஆதார் வழியாக வரும் ஓ.டி.பி. மூலம் அந்தத் தேதியை நீங்களே பதிவு செய்யலாம். அடுத்த வேலை கிடைத்துவிட்டால் பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுச் சேவை சேர்ந்தால்தான் ஓய்வூதியம் என்பதை நினைவில் வையுங்கள். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளை ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்கள்.

சான்றிதழ் உங்கள் உடைமை. பணம் வரவேண்டியிருக்கிறது என்று மற்றவர் பொருளைப் பிடித்துவைக்கும் பொதுவான உரிமையை, ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு வங்கியாளர், வழக்கறிஞர் போன்ற சிலருக்குத்தான் கொடுத்திருக்கிறது, முதலாளிக்குக் கொடுக்கவில்லை. எழுத்தில் கேட்டும் தராவிட்டால் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியவர் நீங்கள்தான்.

இவை அனைத்துக்கும் அடிப்படையாக இன்றே ஒரு வேலை செய்யுங்கள்: ராஜினாமா கடிதம் எழுதுங்கள். நின்ற பிறகு என்ன கடிதம் என்று எண்ணாதீர்கள். 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கு உரிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். ஆனால் ராஜினாமா என்ற ஒன்று இருந்தால்தானே அந்த நாள் கணக்கு தொடங்கும்? நீங்கள் மௌனமாக இருக்கும்வரை ‘தகவலின்றி வேலைக்கு வரவில்லை’ என்று மட்டுமே பதிவேட்டில் எழுத முடியும். அதைக் காட்டியே விசாரணை நோட்டீஸ் அனுப்பி, பணிநீக்கம் என்று முடிக்கவும் முடியும். ஒரு பக்கம் போதும். 19ஆம் தேதியுடன் பணியிலிருந்து விலகிவிட்டேன். அன்று மேசைச் சாவியை இன்னாரிடம் ஒப்படைத்தேன். முன்னறிவிப்புக்கு ஈடான தொகையை 19 நாள் சம்பளத்துடன் நேர் செய்து மீதியைத் தெரிவித்தால் செலுத்துகிறேன். அசல் சான்றிதழையும் பணி அனுபவச் சான்றையும் தர வேண்டுகிறேன். இவ்வளவே. மேலாளர் பேசியதை ஒரு வரியில், அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதாமல், குறிப்பிடுங்கள். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், அஞ்சலிலும் அனுப்புங்கள். பதிவுத் தபால் இப்போது விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், கவுண்டரில் பதிவு வசதியுடன் விரைவு அஞ்சல் வேண்டும் என்று கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தொழிலாளர் அலுவலகங்களின் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பவர்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பை நிறைய சம்பளச் சீட்டு இருக்கும், ஆனால் விலகினேன் என்று சொல்லும் ஒரு காகிதம் மட்டும் இருக்காது. அந்த ஒரு காகிதத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

கேள்வி: என் மகன் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தான். 90 நாள் நோட்டீஸ். புதிய நிறுவனம் 30 நாளில் சேரச் சொன்னதால், ராஜினாமா மின்னஞ்சல் அனுப்பி, 30 நாள் மட்டும் வேலை செய்துவிட்டுப் போய்விட்டான். பழைய நிறுவனம் அவனை ‘அப்ஸ்காண்டிங்’ என்று குறித்து, 60 நாள் சம்பளமும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கேட்கிறது. ரிலீவிங் லெட்டர் தரவில்லை. அவன் எதிர்காலம் பாழாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் மகன் ஓடிப்போகவில்லை. எழுத்தில் சொல்லிவிட்டு, 30 நாள் வேலையும் பார்த்துவிட்டுப் போனவரைத் தலைமறைவானவர் என்று குறிப்பது உண்மைக்கு மாறானது. அந்த மின்னஞ்சலே அதற்குச் சாட்சி. அதை அலுவலக முகவரியிலிருந்து மட்டும் அனுப்பியிருந்தால் இப்போது திறக்க முடியாது. சொந்த முகவரிக்கு நகல் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், அந்த மின்னஞ்சலின் தேதியைக் குறிப்பிட்டு மனிதவளப் பிரிவுக்கு இன்னொரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.

90 நாள் என்பது எந்தச் சட்டமும் விதித்ததல்ல, ஒப்பந்தத்தில் உள்ளது. குறையும் 60 நாளுக்கான பணத்தை நிறுவனம் கேட்கலாம். அதைக் குறைத்துக்கொள்ளும்படி பேசலாம், புதிய நிறுவனம் ஏற்றுக்கொள்ளுமா என்றும் கேட்கலாம். ஆனால் ஜி.எஸ்.டி. கேட்பது தவறு. முன்னறிவிப்புக்கு ஈடாக வாங்கும் தொகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று மத்திய மறைமுக வரிகள் வாரியமே 2022 ஆகஸ்ட் 3ஆம் தேதி சுற்றறிக்கையில் தெளிவுபடுத்திவிட்டது. அந்தச் சுற்றறிக்கையின் எண் 178. அதைக் குறிப்பிட்டு எழுதினால் அந்த 18 சதவீதம் விலகிவிடும்.

பயிற்சிக்காக ஏதேனும் பாண்டில் கையெழுத்திட்டிருக்கிறாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அலட்சியம் வேண்டாம். மூன்று ஆண்டு முடிவதற்கு முன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் தரவேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று ஏற்றது. பாண்டு என்றாலே செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை நம்பி முடிவெடுப்பது ஆபத்து.

மடிக்கணினியும் அடையாள அட்டையும் அவரிடம் இருந்தால் இந்த வாரமே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். வேலையை விட்டது குற்றமாகாது. நிறுவனத்தின் பொருளை வைத்துக்கொண்டிருப்பது நம்பிக்கை மோசடிப் புகாருக்கு வழி திறந்துவிடும். பெட்டியில் வைப்பதற்கு முன் வரிசை எண் தெரியும்படி படம் எடுக்கட்டும். புதிய நிறுவனத்திடம் நடந்ததை அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. பின்னணிச் சரிபார்ப்பில் வேறொருவர் வாயிலாகத் தெரியவந்தால்தான் சிக்கல் பெரிதாகும்.

கேள்வி: சிவகாசியில் சிறிய ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். ஆடிப்பெருக்கு முடிந்து காலண்டர் வேலை மும்முரமாகும் நேரத்தில், 60,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிய மெஷின்மேன் சொல்லாமல் நின்றுவிட்டு வேறு அச்சகத்தில் சேர்ந்துவிட்டார். இரண்டு வாரம் ஒரு மெஷின் சும்மா நின்றது. அட்வான்ஸுக்காக வாங்கிய அவருடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் என்னிடம் உள்ளது. பணம் கட்டும்வரை யாரும் அவரை வேலைக்கு வைக்கக்கூடாது என்று மற்ற அச்சகங்களுக்குச் சொல்லலாமா?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: ஐயா, சீசன் நேரத்தில் இரண்டு வாரம் மெஷின் நிற்பது எவ்வளவு பெரிய அடி என்பது எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்ற உங்கள் வருத்தம் நியாயமானது. அதனால்தான் உங்களை எச்சரிக்க விரும்புகிறேன்: நீங்கள் கேட்டிருப்பதைச் செய்யாதீர்கள்.

அட்வான்ஸ் வாங்கியதற்காக ஒருவர் வேறிடத்தில் வேலை பார்க்கும் சுதந்திரத்தை இழந்தால், 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அதைக் கொத்தடிமை முறையாகவே பார்க்கும். மூன்று ஆண்டு வரை சிறை. அதோடு அந்தக் கடனும் சட்டப்படி அழிந்துபோகும். நல்லெண்ணத்தோடு கொடுத்த 60,000 ரூபாய், மற்ற அச்சகங்களுக்கு நீங்கள் செய்யும் ஒரு போன் அழைப்பால் கேட்க முடியாத பணமாகிவிடக்கூடும்.

மதிப்பெண் பட்டியலைச் சாட்சி வைத்துத் திருப்பிக் கொடுத்து, கையெழுத்து வாங்குங்கள். அவர் வேலை பார்த்த நாட்களுக்குச் சம்பள பாக்கி இருந்தால் கணக்கிட்டு எழுதுங்கள். பிறகு, வேலைக்குத் திரும்பி வா என்ற பேச்சே இல்லாமல், கொடுத்த கடனைத் திருப்பித் தரும்படி மட்டும் நோட்டீஸ் அனுப்புங்கள். கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் சிவில் வழக்குப் போடலாம். ஆனால் வவுச்சரில் கையெழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாதம் இவ்வளவு என்று தவணைக்கு ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுத்தால் அதையே ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு மெஷின்மேனின் மாதச் சம்பளத்திலிருந்து அதற்குமேல் எடுக்க வழியில்லை.

அடுத்த சீசனுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது, தொகையைக் குறைத்து, சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் தொகையைத் தாளில் எழுதுங்கள்; எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. அதே தாளில், நிற்பதாக இருந்தால் 15 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்றும், சொல்லிவிட்டு நிற்பவருக்கு மீதி அட்வான்ஸை அடைக்க ஆறு மாத அவகாசம் தரப்படும் என்றும் எழுதி, அவரிடம் வாசித்துக் காட்டி, ஒரு நகலை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.