கூர்ப்புப் பாடம் விசுவாசத்தைக் கெடுக்குமா?

திருகோணமலை, பாலையூற்றிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். கத்தோலிக்கக் குடும்பம். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. கூர்ப்பு (பரிணாமம்) அலகு தொடங்கியதிலிருந்து, “ஆறு நாளில் உலகம் படைக்கப்பட்டது என்பது பொய்யா அப்பா?” என்று கேட்கிறாளாம். தெரிந்தவர் ஒருவர், பிள்ளையைக் கலைப்பிரிவுக்கு மாற்றிவிடச் சொல்கிறாராம். என்ன செய்யலாம் என்பது அவருடைய கேள்வி.

பிரிவை மாற்றாதீர்கள். ஒரு பாட அலகுக்குப் பயந்து பிள்ளையின் எதிர்காலத்தை அடைப்பது அநியாயம். சூழலுக்குப் பொருந்திய உயிர்கள் தப்பிப் பெருகும் ‘இயற்கைத் தேர்வு’ எப்படி நடக்கிறது என்று விளக்கத்தான் பரீட்சை கேட்கிறது. விசுவாசப் பிரமாணத்தை மறுதலிக்கச் சொல்லவில்லை.

அவளுடைய கேள்விக்கு வேதாகமத்தைக் கொண்டே பதில் தேடலாம். தொடக்கநூலின் முதல் இரண்டு அதிகாரங்களையும் இருவருமாக உட்கார்ந்து அடுத்தடுத்து வாசியுங்கள். முதல் அதிகாரத்தில் ஒளி முதல் நாளிலேயே வந்துவிடுகிறது, சூரியனோ நான்காம் நாளில்தான். மரஞ்செடிகள், விலங்குகள் எல்லாம் வந்தபின் கடைசியாக மனிதன். இரண்டாம் அதிகாரத்தில் வயல்வெளியில் ஒரு செடிகூட முளைக்காதபோதே மனிதன் உருவாக்கப்படுகிறான். அவன் தனித்திருப்பது நல்லதல்ல என்றுதான் விலங்குகள் பிறகு வருகின்றன. இரண்டையும் அருகருகே வைத்துத் தொகுத்தவர்களின் கண்ணுக்கு இந்த முரண் படாமலா இருந்திருக்கும்? அவர்களுக்கு வரிசை முக்கியமாக இருக்கவில்லை. படைத்தவர் யார், மனிதன் யாருக்குக் கடமைப்பட்டவன் என்பதே அவர்கள் சொல்ல வந்தது.

இது டார்வினுக்குப் பயந்து பிற்காலத்தில் கண்டுபிடித்த சமாளிப்பு என்று மகள் சந்தேகப்படலாம். சூரியன் இல்லாத நாள் எப்படிப்பட்ட நாள் என்று புனித அகுஸ்தீனார் 5ஆம் நூற்றாண்டிலேயே மண்டையை உடைத்துக்கொண்டவர். வானத்தையும் விண்மீன்களையும் பற்றி வேதத்தின் பெயரால் ஒரு கிறிஸ்தவன் பிழையாகப் பேசினால், அவன் உயிர்ப்பைப் பற்றிச் சொல்வதை மற்றவர்கள் எப்படி நம்புவார்கள் என்று கேட்டவரும் அவர்தான். உங்களுக்கு ஆலோசனை சொன்னவருக்கும் இதைச் சொல்லிப் பாருங்கள்.

திருச்சபையின் நிலைப்பாட்டில் ஒளிவுமறைவு இல்லை. மனித உடலின் தோற்றம் பற்றிய கூர்ப்பு ஆய்வுக்குத் தடையில்லை, ஆன்மா கடவுளால் நேரடியாகப் படைக்கப்படுவது என்று 1950இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் எழுதினார். கூர்ப்புக் கொள்கை வெறும் கருதுகோள் அல்ல என்றார் 2ஆம் யோவான் பவுல், 1996இல். மகள் பிறப்புரிமையியலில் (மரபியலில்) படிக்கும் மெண்டலே ஒரு கத்தோலிக்கத் துறவி.

மறுபக்கத்திலும் ஒரு குழி இருக்கிறது. “விஞ்ஞானமே வேதாகமத்தை நிரூபித்துவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் வருபவற்றை அவளுக்கு அனுப்பாதீர்கள். அண்டம் விரிவடைகிறது என்று 1927இல் எழுதிய ஜோர்ஜ் லெமெத்ர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு. பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்டவர். 1951இல் அதே 12ஆம் பத்திநாதர் அந்த அறிவியலைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டிப் பேசியபோது லெமெத்ருக்கு அது பிடிக்கவில்லை. தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதே அவர் கருத்து. என் பார்வையில், நாளை திருத்தப்படக்கூடிய ஒரு கொள்கையின்மேல் விசுவாசத்தைக் கட்டுவது, அந்தக் கொள்கைக்கு அஞ்சுவதைவிட ஆபத்தானது.

உண்மையில் கடினமான கேள்வி இனித்தான் வரும். திருகோணமலைப் பிள்ளைக்கு அது சுனாமி வடிவில் வரலாம். 2004 டிசம்பர் 26 காலையில் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் புவித்தட்டுகள் நழுவின. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை நம் கரையில். அலை எப்படி வந்தது என்பதைப் புவியியல் சொல்லிவிடும். கிண்ணியாவில் ஒரு வீட்டுப் பிள்ளை ஏன் அலையோடு போனது என்பதை அது சொல்லாது. பாவத்துக்குத் தண்டனை என்று யாராவது சொன்னால் லூக்கா 13ஐ எடுத்துக் காட்டுங்கள்: சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, “இல்லை” என்று இயேசுவே சொல்கிறார். அதற்குமேல் உங்களிடம் விடை இல்லையென்றால், இல்லை என்றே மகளிடம் சொல்லுங்கள்.

புதைபடிவம் பற்றிய சந்தேகத்துக்கு உயிரியல் ஆசிரியரிடமும், ஆன்மா பற்றியதற்குப் பங்குத்தந்தையிடமும் அனுப்புங்கள். பரீட்சைக்கு முன் லாமார்க்கின் விளக்கத்தையும் (வாழ்நாளில் பெற்ற மாற்றம் சந்ததிக்குப் போகும் என்பது) டார்வினின் இயற்கைத் தேர்வு விளக்கத்தையும் ஒருமுறை உங்களுக்கு வாய்விட்டுச் சொல்லிக்காட்டச் சொல்லுங்கள். இரண்டையும் குழப்பிப் புள்ளி இழக்கும் பிள்ளைகள் அதிகம்.