எதிரி ஊரில் சிவப்புச் சட்டை

அன்புள்ள அண்ணா,

கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதுகலை இரண்டாம் வருடம். சொந்த ஊர் ராஜபாளையம் பக்கம். இங்கே வந்த முதல் செமஸ்டரில் அமெரிக்கக் கால்பந்து என்றாலும் காலால் உதைப்பது என்று நினைத்திருந்தவன், இப்போது சனிக்கிழமை மேட்ச் இருந்தால் துணிகூடத் துவைப்பதில்லை.

வருகிற 2025 நவம்பர் 29 அன்று மிச்சிகன் பல்கலைக்கழக அணியோடு எங்களுக்கு மேட்ச், அவர்கள் ஊரான ஆன் ஆர்பரில். என் அத்தை மகன் அங்கேதான் படிக்கிறான். தன் பக்கத்து இருக்கைக்கு எனக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறான். ஆனால் எங்கள் அணியின் சிவப்புச் சட்டை போட்டு வந்து தன் மானத்தை வாங்கக்கூடாதாம். அறை நண்பர்களும் "மிச்சிகன்காரர்களின் நீலக்கடலில் தனியாகச் சிவப்பாக நிற்காதே, குடித்துவிட்டு வம்பு செய்வார்கள்" என்கிறார்கள்.

எனக்குள் வேறொரு சந்தேகமும் ஓடுகிறது. அமெரிக்கர்களுக்கு இது தாத்தா காலத்துப் பகை. ராஜபாளையத்துக்காரனுக்கு இதில் என்ன வேலை? அங்கே நான் இரண்டு மடங்கு அந்நியனாகத்தானே தெரிவேன்? நீங்கள் 2021-இல் அங்கே போய் வந்ததாக ஒரு கட்டுரையில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? சாதாரண உடையில் போய் வருவதுதான் புத்திசாலித்தனமா?

ஆர்., கொலம்பஸ்

*

அன்புள்ள ஆர்.,

அந்த ஒரு வரியோடு நிறுத்தியதற்குக் காரணம் வெட்கம். நாங்கள் தோற்ற மேட்ச் அது. ஆனால் கேட்டுவிட்டீர்கள்.

நான் கொலம்பஸுக்கு வந்தது 2012-இல். அந்த வருடத்திலிருந்து 2019 வரை மிச்சிகனிடம் ஒருமுறைகூட நாம் தோற்கவில்லை. 2020 மேட்ச் கொரோனாவால் நடக்கவே இல்லை. ஆகவே 2021-இல் கிளம்பும்போது, மிச்சிகனிடம் தோற்பது என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. அலுவலக நண்பர் ஒருவரிடம் இரண்டு டிக்கெட் இருந்தது. கூட வரவேண்டிய அவருடைய தம்பிக்குக் காய்ச்சல். "வருகிறாயா?" என்றார். சரி என்றேன். அவர் பிறந்து வளர்ந்ததே ஒஹாயோவில். வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் நீலச் சட்டை வாங்கியதில்லை என்று பெருமையாகச் சொல்வார்.

மூன்று மணி நேரப் பயணம். வழியில் டொலிடோ வரும். இந்த ஊர் யாருக்கு என்றுதான் 1835-இல் ஒஹாயோவும் மிச்சிகனும் படை திரட்டி எல்லையில் நிறுத்தின. கடைசியில் ஒருவருக்குப் பேனாக்கத்திக் காயம், அவ்வளவுதான் போர். டொலிடோ ஒஹாயோவுக்கு வந்தது. மிச்சிகனுக்கு ஈடாக வடக்கே பெரிய காட்டுப் பகுதியைக் கொடுத்தார்கள். பிற்பாடு அங்கே செம்பும் இரும்பும் கிடைத்ததால் யார் ஏமாந்தார்கள் என்பதில் இன்றும் வாதம் உண்டு. டொலிடோவுக்கு முன்பே நண்பர் பெட்ரோல் போட்டுக்கொண்டார். 1951 முதல் 1978 வரை நம் பயிற்சியாளராக இருந்த வுடி ஹேஸ், மிச்சிகன் எல்லைக்குள் பெட்ரோல் போட்டு அந்த மாநிலத்துக்கு ஒரு காசுகூடத் தரமாட்டேன், வண்டியைத் தள்ளிக்கொண்டாவது எல்லை தாண்டுவேன் என்று அடம்பிடித்ததாக ஒரு கதை சொல்வார்கள். நண்பருக்கு அது வேதவாக்கு. மிச்சிகன் என்ற பெயரையே உச்சரிக்கமாட்டார். "வடக்கே இருக்கும் அந்த அணி" என்பார், அதுவும் ஹேஸ் வழக்கம்தான். நம் வளாகத்தில் அந்த வாரம் முழுக்கப் பலகைகளில் வரும் எம் எழுத்தின் மேலெல்லாம் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கணவன் பெயரைச் சொல்லாத பாட்டிகள் நம்மூரில் உண்டு. எதிரி பெயரைச் சொல்லாதவர்களை நான் இங்கேதான் பார்த்தேன்.

என் கழுத்தில் பக்கை கொட்டை மாலை. ஒஹாயோ மரத்துக் கொட்டை, பழுப்பு நிறம், நடுவில் கண் மாதிரி வெள்ளைப் பொட்டு. பெரிய சைஸ் ருத்ராட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது பக்கத்து வீட்டு மாமி "எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டார்.

ஆன் ஆர்பரில் காரை நிறுத்துவதே ஒரு அனுபவம். வீட்டுக்காரர்கள் அட்டையில் விலை எழுதிப் பிடித்தபடி தங்கள் புல்வெளியில் நிறுத்தச் சொல்வார்கள். எதிரே கோல்ஃப் மைதானத்திலும் வரிசை வரிசையாக வண்டிகள், அடுப்புகள், புகை. எங்கள் வண்டியை வாங்கி நிறுத்திய பெரியவர் சிவப்பைப் பார்த்ததும் "உங்களுக்கு ஐந்து டாலர் கூடுதல்" என்றார். நான் பர்ஸைத் திறந்தேன். சிரித்துக்கொண்டே என் கையைத் தள்ளிவிட்டார். அன்று முழுக்க நடந்த கிண்டல் பெரும்பாலும் இந்த ரகம்தான். கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்வதுபோல. பதிலுக்கு ஒன்று சொல்லத் தெரிந்தால் மதிப்பார்கள். முறைத்தால் விடமாட்டார்கள்.

ஸ்டேடியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாட்டிலேயே பெரியது, 1927-இல் திறந்தது, 1,07,601 பேருக்கு இடம் என்று கேள்விப்பட்டு, வானளாவ ஏதோ நிற்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். இரண்டு பக்கமும் பிற்பாடு கட்டிய செங்கல் மாடங்களைத் தவிர வெளியிலிருந்து பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வாசலைத் தாண்டி உள்ளே இரண்டடி வைத்ததும் தரை கீழே போகிறது. பெரும்பகுதியைப் பள்ளம் தோண்டி இறக்கியிருக்கிறார்கள். தெப்பக்குளத்தின் மேல்படியில் நின்று கீழே பார்ப்பதுபோல் நின்றுவிட்டேன். தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் பச்சைத் தரை, நான்கு பக்கப் படிகளிலும் மஞ்சளும் நீலமுமாக மனிதர்கள். 1975 நவம்பரிலிருந்து அந்த ஸ்டேடியத்தில் நடந்த எந்த மேட்ச்சுக்கும் கூட்டம் ஒரு லட்சத்துக்குக் கீழே போனதில்லை, கொரோனா வருடம் நீங்கலாக. ஊரின் மக்கள்தொகையே ஒன்றேகால் லட்சத்தை ஒட்டித்தான். நான் படித்த கல்லூரியின் மேட்ச்சுக்கு, அதில் ஆடுகிறவனின் அறை நண்பன்கூட வரமாட்டான்.

எங்கள் இடம் வெளியூர் ரசிகர்களின் பகுதியில் இல்லை. உங்களுடையதைப் போலவே உள்ளூர்க்காரர்கள் நடுவில். நாற்காலி கிடையாது, நீளப் பெஞ்சு. எல்லோரும் தடிமனான கோட்டு போட்டிருப்பதால் ஒருவர் எழுந்தால் வரிசையே நெகிழும். பனி தூறிக்கொண்டிருந்தது. எனக்கு இடதுபக்கம் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா. 1969-இல் மாணவியாக இதே ஸ்டேடியத்தில் உட்கார்ந்து, அசைக்கவே முடியாது என்று பேர்வாங்கி வந்த ஒஹாயோவை மிச்சிகன் 24-12 என்று தோற்கடித்ததைப் பார்த்தவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தான் கொண்டுவந்திருந்த அட்டைப்பெட்டியை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை என் காலடியில் போட்டார். "சிமெண்ட் தரை குளிரைக் காலுக்குள் ஏற்றும். அட்டைமேல் நில், ஒஹாயோ" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். அவர்கள் வேண்டுமென்றே 'ஸ்டேட்' என்பதை விட்டுவிட்டு வெறும் 'ஒஹாயோ' என்பார்கள். நம்மை மட்டம் தட்டும் வழி அது. அன்று வாசலில், படியில், கழிவறை வரிசையில், எங்கே போனாலும் எனக்கு அதுதான் பெயர். "ஹேய் ஒஹாயோ, வழி தெரியவில்லையா, தெற்கே போ!" என்று ஒரு பையன் கத்தினான். பின்வரிசையில் இருந்த ஆறேழு வயதுக் குழந்தை தன் அப்பாவிடம் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு உரக்கவே கேட்டது: "அப்பா, ஒஹாயோக்காரர் நம் பக்கத்தில் உட்காரலாமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறேதோவும் வந்தது. அப்போது நான் ஒஹாயோவுக்கு வந்து ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடமும் கொலம்பஸில் யாரைப் புதிதாகச் சந்தித்தாலும் இரண்டாவது கேள்வி "நீ எந்த ஊர்?" என்பதுதான். கொலம்பஸ் என்றால், "இல்லை, உண்மையில் எந்த ஊர்?" கெட்ட எண்ணத்தில் கேட்பவர்கள் குறைவு. ஆனாலும் கேட்பார்கள். ஆன் ஆர்பரில் அன்று ஒரு ஆள் அதைக் கேட்கவில்லை. சட்டையைப் பார்த்தார்கள், முடிவு செய்துவிட்டார்கள். என்னை ஒஹாயோக்காரன் என்று முழுமனதாக ஏற்றுக்கொண்டவர்கள் மிச்சிகன்காரர்கள்தான்! இரண்டு மடங்கு அந்நியனாகத் தெரிவோமோ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நடந்தது நேரெதிர். உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று கையெழுத்துப் போட்டுத் தரமுடியாது, ஒரு லட்சம் பேரில் எல்லா வகையும் இருக்கும். ஆனால் சாதாரண உடையில் போனால் இது நடக்க வாய்ப்பே இல்லை. அங்கே நீங்கள் வேடிக்கை பார்க்க வந்த ஒரு இந்தியர், அவ்வளவுதான்.

மேட்ச்சுக்கு வருகிறேன். இரண்டாவது கால்பகுதியில் நம் ஸ்ட்ரவுட் எறிந்த பந்தை நம் கேரட் வில்சன் பிடித்து, பந்து எதிரணி எல்லைக்குள் சேர்ந்து டச்டவுன் ஆனதும் நான் குதித்தேன். குதித்த பிறகுதான் தெரிந்தது, என்னைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை. லட்சம் பேர் ஒரே நேரத்தில் வாய் மூடுவதை வீட்டில் டிவியில் கேட்கமுடியாது, அதில் வர்ணனையாளர் பேசிக்கொண்டே இருப்பார். அந்த நிசப்தத்தில் எதிர்மூலையிலிருந்து நம் ஆட்களின் சிறு கூச்சல் மட்டும், பக்கத்துத் தெருக் கோயில் ஸ்பீக்கர்போல மெல்லிசாக வந்தது. அதற்காக மட்டுமே டிக்கெட் காசு தகும்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். இடைவேளையில் 14-13 என்று ஒரே புள்ளிதான் பின்னால் இருந்தோம். முடிவில் 42-27. ஹசன் ஹாஸ்கின்ஸ் என்ற அவர்களுடைய ஆள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஐந்து முறை எல்லைக்குள் புகுந்தார். நாம் பந்து வைத்திருக்கும்போதெல்லாம் அவர்கள் போட்ட கூச்சலில் நம் வீரர்களுக்குக் குறிப்புச் சொல் காதில் விழாமல், பலமுறை முந்திக்கொண்டு அசைந்து அபராதம் வாங்கினார்கள். இதை அங்கே போய்த்தான் புரிந்துகொண்டேன். கத்துவதும் ஆட்டத்தில் ஒரு பங்கு. தங்கள் அணியிடம் பந்து இருக்கும்போது அந்தக் கூட்டம் கோயில் நடை சாத்தியதுபோல் அடங்கிவிடும். நீங்களும் நம் அணி பந்தை வைத்திருக்கும்போது கத்தித் தொலைக்காதீர்கள்!

ஒவ்வொரு டச்டவுனுக்கும் அவர்களுடைய பாட்டை வாசிப்பார்கள். 1898-இல் அவர்களுடைய இசை மாணவர் ஒருவர் இயற்றியது. முஷ்டியை உயர்த்திக்கொண்டு ஸ்டேடியமே பாடும். அன்று ஆறு டச்டவுன். மறுநாள் பாத்திரம் தேய்க்கும்போது என்னை அறியாமல் அதே மெட்டை முனகிக்கொண்டிருந்தேன். அலுவலக நண்பரிடம் இதுவரை சொல்லவில்லை, அவர் தமிழ் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

மேட்ச் முடிந்ததும் கூட்டம் படிகளில் இறங்கி மைதானத்துக்குள் பாய்ந்தது. பத்து வருடமாகக் காத்திருந்தவர்கள். பெஞ்சுகளைத் தாண்டி என்னை உரசிக்கொண்டு ஓடினார்கள். குடித்திருந்த ஒருவன் என் முகத்துக்கு நேரே கத்திவிட்டுப் போனான். கெட்ட வார்த்தைதான். பின்னால் வந்த அவன் நண்பன் "ஸாரி" என்றான். அந்த அம்மா ஓடவில்லை, எழுந்து நின்று அழுதுகொண்டிருந்தார். பிறகு கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வருடம் உங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று பார்ப்போம்" என்றார். நடந்தது அதைவிட மோசம், 45-23. அதன்பின் 2023-லும் 2024-லும் தோல்விதான். 2025 ஜனவரியில் தேசியக் கோப்பையே வென்றோம், ஆனாலும் நம் ஊர் முடிதிருத்தும் கடையில் பேச்சு இன்னும் மிச்சிகனிடம் தோற்ற 13-10 பற்றித்தான்.

ஆகவே சிவப்பில் போங்கள். சில விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். "ஓ-எச்" என்று நம் ஆள் யாராவது கத்தினால் "ஐ-ஓ" என்று ஒஹாயோவின் மீதி எழுத்துகளைப் பதிலாகக் கொடுங்கள். நீங்களாகப் பக்கத்து வரிசைக்காரர் காதருகே ஆரம்பிக்காதீர்கள். குடித்தவன் சீண்டினால் காது கேட்காதவர்போல் நடந்துவிடுங்கள், பதில் கிண்டலெல்லாம் நிதானத்தில் இருப்பவர்களிடம் மட்டும். நாம் ஜெயித்தால் கொண்டாட்டத்தை டொலிடோ தாண்டியபின் வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம், 2024-இல், நம் மைதானத்தில் அவர்கள் கொடியை நட வந்து, கைகலப்பாகி, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடிக்க நேர்ந்ததை நேரில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சூடு இன்னும் இரண்டு பக்கமும் ஆறவில்லை. பை எதுவும் கொண்டுபோகாதீர்கள், வாசலில் திருப்பி அனுப்பினால் காருக்கு அரைமணி நேர நடை.

அத்தை மகனிடம் டிக்கெட்டுக்கு நன்றி சொல்லுங்கள், சட்டையில் அவர் தலையிட வேண்டாம். அவர் மானம் ஒன்றும் போய்விடாது. நாலு பேர் அவரைக் கேலி செய்வார்கள், அதில் அவருக்கும் ஊருக்குள் நாலு பழக்கம் கிடைக்கும்.

காலுறை இரண்டு ஜோடி போதாது, மூன்றாகப் போடுங்கள். சிவப்புச் சட்டையைக் கோட்டுக்கு உள்ளே போட்டுப் பிரயோஜனமில்லை. இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிக் கோட்டுக்கு மேலே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு அட்டைப்பெட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து.