இதய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருந்தால் ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்ய முடியுமா?

அப்பாவின் ஆஞ்சியோ ரிப்போர்ட்டில் 'அனியூரிசம்' என்று இருப்பதைப் பார்த்து, வெடித்துவிடுமோ என்று பயந்து கேட்டிருக்கிறீர்கள். நான் பன்னிரண்டு வருடமாக, ஆஞ்சியோவும் ஸ்டென்டும் செய்கிற கேத் லேப்பில் டெக்னீஷியன். என் மாமனாருக்கே இது வந்தபோது எனக்கும் முதலில் வந்தது அந்தப் பயம்தான்.

இதயக் குழாயில் அது வெடிப்பது அபூர்வம். பயப்பட வேண்டியது ரத்தம் உறைவதற்கு. பக்கத்திலுள்ள நல்ல குழாயைவிட ஓரிடம் 1.5 மடங்கோ அதற்கு மேலோ அகன்றிருந்தால் அனியூரிசம் என்கிறோம். வாய்க்கால் தண்ணீர் குட்டையில் தேங்குவதுபோல ரத்தம் அங்கே சுழன்று தங்கும், தங்கினால் கட்டும். அந்தக் கட்டி கீழே போய் அடைத்தால் அட்டாக். மாமனாருக்கு வலப்பக்கக் குழாயில் அப்படித்தான் ஆனது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கொழுப்புப் படிவுதான் காரணம். சிலருக்குச் சின்ன வயதில் வந்த கவாசாக்கி நோயின் (குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு ரத்தக்குழாய்களில் அழற்சி வரும் நோய்) மிச்சமாகவும் இருக்கும்.

சாதாரண ஸ்டென்ட் வெறும் கம்பி வலை. சுருங்கிய குழாயை விரித்துப் பிடிக்கும், வீக்கத்துக்குள் ரத்தம் போவதைத் தடுக்காது. அதற்கு உறை போட்ட ஸ்டென்ட் வேண்டும். குழாய் கிழிந்து ரத்தம் கசியும்போது அவசரமாக அடைக்க நாங்கள் எடுப்பதும் அதைத்தான். வீக்கத்தின் வாயை உள்ளிருந்து மூடிவிடும். ரத்தம் ஸ்டென்டுக்குள்ளேயே ஓடும்.

சிக்கலும் அந்த உறையில்தான். அந்த இடத்தில் கிளைக்குழாய் பிரிந்தால் அதையும் சேர்த்து மூடிவிடும், அது ஊட்டும் இதயத்தசைக்கு ரத்தம் போகாது. அதனால் டாக்டரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது: "வீக்கத்திலிருந்து பெரிய கிளை ஏதும் பிரிகிறதா?" வீக்கத்துக்கு முன்னும் பின்னும் ஸ்டென்ட் பிடித்து நிற்க நல்ல குழாய் இருக்கிறதா என்றும் கேளுங்கள். உறை ஸ்டென்ட் விறைப்பானது, ரொம்ப வளைந்த குழாய்க்குள் ஏறாது. மிகப் பெரிய வீக்கம், இடது பிரதானக் குழாய் என்றால் பைபாஸ் பற்றிப் பேசுவார்கள். சின்னதாக, தொந்தரவில்லாமல் இருந்தால் மாத்திரையோடு கண்காணிப்பதும் உண்டு. அதை அலட்சியம் என்று நினைக்காதீர்கள்.

மாமனாருக்குக் கிளை ஏதும் குறுக்கே வரவில்லை, உறை ஸ்டென்ட் வைத்தார்கள். இதில் ரத்தம் கட்டும் அபாயம் சாதாரண ஸ்டென்டைவிட அதிகம் என்பதால் ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகள் இரண்டையும் ஒருவேளைகூடத் தவறவிடக் கூடாது. மூன்றாம் மாதம் பல் பிடுங்கப் போன இடத்தில் இரண்டையும் ஐந்து நாள் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நல்லவேளை, அவர் எனக்குப் போன் செய்தார். இதய டாக்டரைக் கேட்டோம். நிறுத்தவே கூடாது என்றார். மாத்திரையோடுதான் பல்லை எடுத்தார்கள்.