டப்பால போட்டது ஒண்ணு, புல்லுல நடக்கிறது ஒண்ணு: வாசகர் கேள்வி-பதில்

இந்த மாசம் சிங்கப்பூர் வாசகர்கள்கிட்டேர்ந்து வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல புல்லு வெட்டுற மிஷின் பத்திதான். வருஷக் கடைசி மழையும் ஆன்லைன் சேலும் ஒண்ணா வந்தா இப்படித்தான் ஆகும்போல. அதனால இந்தத் தடவை வேற எதையும் எடுக்கல.

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க வீடு டெரஸ் ஹவுஸ், முன்னாடியும் பின்னாடியும் சின்னதா புல்தரை இருக்கு, சாதாரண கவ் கிராஸ்தான். மாசா மாசம் வெட்ட வர்றவரு காசை ஏத்திட்டாரு. ஆன்லைன்ல 159 வெள்ளிக்கு வயர் இல்லாத மொவர் ஒண்ணு பார்த்தேன், 88 வோல்ட், 6 ஆம்பியர்-அவர் பேட்டரி ரெண்டு, 45 நிமிஷம் ஓடும், சுத்தமான காப்பர் மோட்டர், புரொஃபெஷனல் குவாலிட்டின்னு போட்டிருக்கான். வீட்டுக்காரரு எல்லாமே ஏமாத்து வேலைங்கறாரு. வாங்கலாமா வேணாமா?
(சிராங்கூன் கார்டன்ஸ் வாசகி)

பதில்: தங்கச்சி, வீட்டுக்காரரு சொல்றது முக்கால்வாசி சரி, ஆனா "எல்லாமே ஏமாத்து"ன்னு அப்படியே தள்ளிடவும் முடியாது. அந்த விளம்பரத்துல இருக்கிற நம்பர் ஒவ்வொண்ணும் எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுட்டா எது பொய், எது உண்மை மாதிரி வேஷம் போட்ட பொய்யின்னு நீங்களே பிரிச்சுருவீங்க.

மொதல்ல அந்த 88 வோல்ட். ஒரு லித்தியம் செல்லுக்கு 3.6 வோல்ட், ஃபுல்லா சார்ஜ் ஆனா 4.2. அஞ்சு செல்லை வரிசையா கோத்தா 18, ஃபுல் சார்ஜ்ல 21. கடையில 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட்டுன்னு மூணு விதமா தொங்குதே, மூணும் அதே அஞ்சு செல்லுதான், ஒருத்தன் சராசரியைப் போடுறான் இன்னொருத்தன் உச்சத்தைப் போடுறான், அவ்வளவுதான் வித்தியாசம். நெஜமா 88 வோல்ட் வேணும்னா 24, 25 செல்லு வரிசையா கோக்கணும், ஒரு செல்லு 45 கிராம்னு வச்சாலே வெறும் செல்லு மட்டும் ஒரு கிலோவைத் தாண்டிரும், உள்ளங்கையில அடங்குற டப்பாவுல அது எங்க போய் உட்காரும்? படத்தைப் பெரிசு பண்ணிப் பாருங்க, பெரும்பாலும் 88-க்குப் பக்கத்துல VF-னு ரெண்டு இங்கிலீஷ் எழுத்து ஒட்டியிருக்கும். கேட்டா அது மாடல் நம்பர்ம்பான். 48, 128, 388 வரைக்கும்கூட இதே மாதிரி போடுறாங்க, உள்ள அதே 21 வோல்ட்தான்.

அடுத்து 6 ஆம்பியர்-அவர், அதாவது பேட்டரி எவ்வளவு கரண்டைப் பிடிச்சு வச்சுக்கும்ங்கற அளவு. இதைக் கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியன் எல்லாம் வேணாம், சமையக்கட்டு தராசு போதும். இன்னிக்கு இந்த மாதிரி டூல் பேட்டரியில வர்ற பெரிய செல்லுகூட 5 ஆம்பியர்-அவர்கிட்டதான் நிக்குது, அதனால 6 வேணும்னா ரெண்டு வரிசை, மொத்தம் பத்து செல்லாவது வேணும். பத்து செல்லு பெரிய சைஸுல போட்டா செல்லு மட்டுமே 700 கிராம். பார்சல் வந்ததும் பேட்டரியைத் தனியா கழட்டி தராசுல வைங்க, 400 கிராம்கூட வரலைன்னா உள்ள அஞ்சு செல்லுதான் இருக்கு, 6-ங்கறது ஸ்டிக்கர்ல மட்டும்தான். தராசுல வச்சு ஒரு போட்டோவும் எடுத்து வச்சுக்கங்க, எதுக்குன்னு கீழ வேற ஒருத்தருக்குச் சொல்லியிருக்கேன்.

இப்ப 45 நிமிஷம். பவர் பேங்க்ல வாட்-அவர்னு ஒரு நம்பர் போட்டிருக்கும் பாருங்க, பிளேன்ல ஏத்தறப்போ 100-க்குள்ள இருக்கான்னு பார்ப்பாங்களே அதேதான். வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குனா வர்றது. அந்த பேட்டரியில நெஜமா 3 ஆம்பியர்-அவர் இருக்குன்னு தாராளமாவே வச்சுக்குவோம், 18-ஆல பெருக்குனா 54 வாட்-அவர். சும்மா காத்துல பிளேடு சுத்துறதுக்கு 70 வாட் மாதிரி ஆச்சுன்னா 45 நிமிஷம் வந்துரும், அங்க அவன் சொன்னது கணக்குப்படி பொய்யே இல்ல! ஆனா மழை பேஞ்ச மறுநாள், ரெண்டு வாரம் வளர்ந்த கவ் கிராஸுல எறக்குனீங்கன்னா மோட்டர் 300 வாட் சாதாரணமா இழுக்கும், 54-ஐ 300-ஆல வகுத்தா 11 நிமிஷம்கூட இல்ல, ரெண்டு பேட்டரியும் சேர்த்து 20 நிமிஷத்துச் சொச்சம். நடுவுல சூடாகி தானா நின்னா அது தனி.

நம்ம ஊர் விஷயம் வேற ஒண்ணு இருக்கு. விளம்பரத்துல வர்றது எல்லாம் குளிர் நாட்டுப் புல்லு, மெல்லிசா காய்ஞ்சு நிக்கும். கவ் கிராஸ் இலை அகலம், தண்ணி பிடிச்சு வச்சுக்கும், தரையோட படர்ந்து கணுவுக்கு கணு வேர் விடும், இடையில ரெண்டு கொம்பு முளைச்ச மாதிரி பூந்தண்டு வேற நீட்டிக்கிட்டு நிக்கும். இங்க வருஷத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல மழை, புல்லு எப்ப காயறது. அதனாலதான் மல்ச்சிங், அதாவது வெட்டுன புல்லைத் தூளாக்கித் தரையிலயே போடுற வசதி இருக்குன்னு சொல்றது சின்ன மோட்டர் மிஷின்ல இங்க எடுபடாது, களி உருண்டை மாதிரி அடியில அப்பிக்கும். ஸ்டீல் பாடின்னு பெருமையா போடுறாங்களே அதுவும் அப்படித்தான், மெல்லிசு தகடா இருந்து அடியில ஈரப்புல்லு ஒட்டிக் கிடந்தா துருதான், சின்ன வீட்டுக்கு நல்ல தடிமனான பிளாஸ்டிக்கே மேல். காப்பர் மோட்டர் கதையை வெளியிலேர்ந்து பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது, அலுமினியக் கம்பிக்கு மேல காப்பர் பூசுனதும் சந்தையில இருக்கு, அந்த வரியைப் படிக்காம தாண்டிப் போங்க. புரொஃபெஷனல்ங்கறதுக்கு அளவுகோலே கெடையாது, நான்கூட என் பேனாவுல எழுதி ஒட்டிக்கலாம்.

என் அபிப்பிராயம் கேட்டா, மலிவா வேணும்னா வயர் வச்சதே வாங்குங்க. காரணம் சிம்பிள், வயர் இல்லாததுல காசு முழுக்க பேட்டரிக்குத்தான் போகுது, விலையைக் கொறைக்கணும்னா கம்பெனிக்காரன் மொதல்ல கை வைக்கிறதும் அங்கதான். வயர் மிஷின்ல 1,400 வாட்டுன்னு போட்டிருந்தா அது சுவத்துலேர்ந்து இழுக்கிற அளவு, பிளேடுக்குப் போறது அதைவிடக் கம்மி, ஆனாலும் சின்னத் தரைக்குத் தாராளம். வயர் இல்லாமத்தான் வேணும்னா வீட்டுல ஏற்கனவே நல்ல பிராண்ட் டிரில் இருக்கான்னு பாருங்க, அதே பேட்டரி ரெண்டு போட்டு 36 வோல்ட்ல ஓடுற மொவர் கெடைக்கும், பேட்டரி இல்லாம பாடி மட்டும் வாங்குனா விலை அவ்வளவு உறைக்காது.

கேள்வி: வயர் மொவர் வாங்கியாச்சு, 15 மீட்டர் கேபிள் ரீல்ல மாட்டி ஓட்டுறேன். அரை மணி நேரத்துல ரீல் கொதிக்குது. மிஷின் குவாலிட்டி சரியில்லையா?
(கெம்பாங்கான் வாசகர்)

பதில்: மிஷின் மேல தப்பில்ல தம்பி. ரீல்ல சுத்தி வச்சபடியே லோடு இழுத்தா உள்ள இருக்கிற சுத்துல சூடு வெளிய போக வழியில்லாம ஏறிக்கிட்டே போகும், பிளாஸ்டிக் உருகுறவரைக்கும் போயிருக்கு. மொத்தமா அவுத்து தரையில விட்டுட்டு ஓட்டுங்க. ரீல் மேலயே ரெண்டு நம்பர் போட்டிருப்பான், சுத்தியிருந்தா இவ்வளவு வாட், அவுத்தா இவ்வளவுன்னு. அதைவிட முக்கியம் உங்க வீட்டு டிபி பாக்ஸ், அதாவது மெயின் சுவிட்ச் இருக்கிற பெட்டி. 1985 ஜூலைக்கு முன்னாடி கட்டுன வீடுன்னா ஆர்சிசிபி இல்லாம இருக்கலாம், கரண்ட் கசிஞ்சா சட்டுன்னு கட் பண்றது அதுதான். எல்லா வீட்டுலயும் அது இருக்கணும்னு 2023 ஜூலைல விதி வந்து, போட ரெண்டு வருஷம் டைமும் குடுத்து, அந்த டைமும் முடிஞ்சு போச்சு. இன்னும் போடலைன்னா மொவரைத் தொடாதீங்க, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை மொதல்ல கூப்பிடுங்க. ஈரப்புல்லுல வயர் மிஷின் வேணவே வேணாம்.

கேள்வி: பெட்ரோல் மொவர்ல 6.5 எச்பின்னு (குதிரைசக்தி) போட்டு பாதி விலைக்கு விக்கிறான். பெரிய பிராண்டுல இப்பல்லாம் எச்பியே போட மாட்டேங்கறான். எவன் யோக்கியன்?
(செம்பவாங் வாசகர்)

பதில்: நல்ல கண்ணு சார் உங்களுக்கு. பெரிய பிராண்ட் எச்பி போடாம விட்டதுக்குப் பின்னாடி ஒரு கோர்ட் கதை இருக்கு. இன்ஜின் சக்தியை மஃப்ளர், ஏர் ஃபில்டர் எல்லாம் மாட்டாம ஒரு விதமா அளக்கலாம், மிஷின்ல எப்படி ஓடுமோ அப்படி வச்சு இன்னொரு விதமா அளக்கலாம், மொத விதத்துல நம்பர் கூடுதலா வரும். அந்தக் கூடுதல் நம்பரைப் போட்டு எங்க தலையில கட்டிட்டாங்க, ஒரே இன்ஜினுக்கு ரெண்டு மூணு எச்பி ஒட்டி வேற வேற விலைக்கு வித்தாங்கன்னு அமெரிக்காவுல 2004-ல வழக்குப் போட்டாங்க. பேரு கேட்டா நீங்க அசந்துருவீங்க, அங்க மொவரும் மொவர் இன்ஜினும் செய்யற பெரிய கம்பெனிகள்ல ஏகப்பட்டது அந்த லிஸ்ட்ல இருந்துச்சு. 2010-ல மில்வாக்கி கோர்ட்ல ஏறக்குறைய 6.5 கோடி அமெரிக்க டாலருக்கு சமரசம் ஆச்சு. அதுக்கப்புறம் நெறைய பேரு எச்பியை எடுத்துட்டு டார்க்கையும் (சுழற்றுற விசை) சிசி அளவையும் (இன்ஜின் சிலிண்டரோட கொள்ளளவு) போட ஆரம்பிச்சாங்க. அதனால பெரிய பிராண்டா இருந்தா விளம்பரம் சுத்தம்னும் நெனைக்காதீங்க, மாட்டுனதால திருந்துனாங்க, அவ்வளவுதான். எச்பியை விட்டுட்டு சிசி பாருங்க, அதைத்தான் ரெண்டு மிஷினுக்கு நடுவுல ஒப்பிட முடியும். அதுக்கும் மேல, ஸ்பார்க் பிளக், கேபிள், பிளேடு இந்த மூணும் இங்க கெடைக்குமான்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க. ஜாலான் பெசார் பக்கம் டூல்ஸ் கடைக்காரர்கிட்ட மாடல் பேரைச் சொன்னா அவரு மூஞ்சியப் பார்த்தே தெரிஞ்சுரும்.

கேள்வி: இங்க உள்ளூர் செல்லர்கிட்ட ஆன்லைன்ல வாங்குனது, நாலு மாசத்துல வெட்டுற ஒயரத்தை மாத்துற லீவர் ஒடைஞ்சுருச்சு, பேட்டரியும் 8 நிமிஷம்தான் ஓடுது. 7 நாள் வாரண்டி முடிஞ்சுருச்சுன்னு கையை விரிக்கிறான். விட்டுறதா?
(தெம்பனிஸ் வாசகி)

பதில்: விடாதீங்கம்மா. 7 நாளுங்கறது அவன் போட்ட கணக்கு, சட்டத்தோட கணக்கு வேற. லெமன் லா, அதாவது கோளாறான பொருளை வாங்குனவங்களுக்கான சட்டம், 2012 செப்டம்பர் 1-லேர்ந்து இருக்கு, வாங்குன 6 மாசத்துக்குள்ள கோளாறு தெரிஞ்சா அது குடுக்கும்போதே இருந்ததாத்தான் எடுத்துப்பாங்க, இல்லைன்னு நிரூபிக்கிறது செல்லர் பொறுப்பு. மொதல்ல ரிப்பேர் இல்ல மாத்தித் தர்றது, அது நடக்கலைன்னா விலையில கழிக்கிறது இல்ல காசைத் திருப்பித் தர்றது. கீழ போட்டு ஒடைச்சதுக்கும், மனசு மாறிப் போச்சுங்கறதுக்கும் இது செல்லாது. மேல சிராங்கூன் கார்டன்ஸ் தங்கச்சிக்குச் சொன்ன தராசு போட்டோ இங்கதான் உதவும். விளம்பரத்துல சொன்ன மாதிரி பொருள் இல்லைன்னாலும் அது கோளாறுதான், அதனால விளம்பரப் பக்கத்தை இப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுத்துருங்க, சண்டை ஆரம்பிச்ச மறுநாளே "88 வோல்ட்" காணாமப் போயிரும். செல்லருக்கு எழுத்துல அனுப்புங்க, அசையலைன்னா சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கம், அதுக்கும் மேல ஸ்மால் கிளைம்ஸ் டிரிப்யூனல்ங்கற சின்னத் தொகை வழக்கு மன்றம், 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், வக்கீல் வேணாம். செல்லர் இங்கயே இருக்கிறதால உங்களுக்கு இவ்வளவு வழி. வெளிநாட்டு செல்லரா இருந்தா சட்டம் இருந்தும் பிடிக்கிறது கஷ்டம், அதனால விலை 20 வெள்ளி கூடுனாலும் உள்ளூர்ல வாங்குங்கன்னுதான் நான் எப்பவும் சொல்றது.

கேள்வி: 4.9 ஸ்டார், ஆயிரக்கணக்குல ரிவியூ. நம்பலாமா?
(ஜூரோங் வாசகர்)

பதில்: படிச்சுப் பாருங்க, பாதிப் பேரு "டெலிவரி ஃபாஸ்ட், இன்னும் யூஸ் பண்ணல, அஞ்சு ஸ்டார்"னு போட்டிருப்பாங்க. அது டெலிவரி பண்ண தம்பிக்குக் குடுத்த மார்க்கு. மூணு ஸ்டார் ரிவியூவைத் தேடிப் படிங்க, ரெண்டு மாசம் கழிச்சு வந்து எழுதுனவங்க அங்கதான் இருப்பாங்க.

கேள்வி: நாங்க வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) தரைத்தளம். ஜன்னலுக்கு முன்னாடி புல்லு மொழங்கால் வரைக்கும் வந்துருச்சு. சின்ன மொவர் வாங்கி நாங்களே வெட்டலாமா?
(யீஷூன் வாசகி)

பதில்: வேணாம்மா, அது டவுன் கவுன்சில் எடம், போன் போட்டா ஆள் வருவாங்க. காசு மிச்சம்.

கேள்வி: மலிவு மிஷின்ல பிளேடு சீக்கிரம் மழுங்குதே, புதுசு மாத்தணுமா?
(அப்பர் தாம்சன் வாசகர்)

பதில்: மாத்த வேணாம், ஒரு அரம் வாங்கி சாணை பிடிங்க. மலிவு பிளேடு இரும்பு கொஞ்சம் மெத்து, சீக்கிரம் மழுங்கும், ஆனா அதே காரணத்தால சீக்கிரம் தீட்டவும் வரும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு தேய்க்கணும், நடு ஓட்டையில ஆணி மாட்டித் தொங்கவிட்டா ஒரு பக்கம் சாயக் கூடாது, சாய்ஞ்சா கனமான பக்கத்துல இன்னும் ரெண்டு தேய்ப்பு. இல்லைன்னா மிஷின் நடுங்கி பேரிங் போயிரும். 32 சென்டிமீட்டர் பிளேடு நிமிஷத்துக்கு 3,500 சுத்து சுத்துச்சுன்னா நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல போகுது, அதனால கைப்பிடியை விட்டதும் பிளேடு எவ்வளவு நேரத்துல நிக்குதுன்னு புது மிஷின்லயே பார்த்துருங்க. தள்ளிட்டுப் போற மொவர்ல 3 செகண்டுக்குள்ள நிக்கணும்னு அமெரிக்காவுல 1982-லேர்ந்து விதி இருக்கு, நீங்களும் ஒண்ணு ரெண்டு மூணு எண்ணிப் பாருங்க, அதுக்கு மேலயும் சுத்திட்டு இருந்தா திருப்பிக் குடுத்துருங்க. அடியில கை வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டணும், வயர் மிஷின்னா பிளக்கைப் புடுங்கணும், சுவிட்ச் ஆஃப் மட்டும் பத்தாது. வெட்டுன புல்லு சேர்ற பெட்டியைக் கழுவிக் கவுத்து வைங்க, நிமித்தி வச்சா மழைத்தண்ணி நின்னு கொசு, அப்புறம் என்இஏ (தேசிய சுற்றுப்புற வாரியம்) ஆளு வந்து கதவைத் தட்டுவாரு.