தாய்ப்பால்: தாயைச் சுற்றி இருப்பவர்கள் கேட்டவை

ஓகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். இந்த முறை வந்த கேள்விகளில் தாய்மார் எழுதியவை குறைவு. பெத்தாமாரும் புருசன்மாரும் கோயில் சபைக்காரரும் எழுதியவைதான் கூட. அது நல்லதுதான். இலங்கையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறார்கள் என்று 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீடு காட்டியது. தொடங்க மறுக்கும் தாய் இங்கே அரிது. இடையில் சந்தேகத்தைக் கிளப்பும் வாய்களுக்குத்தான் பதில் தேவைப்படுகிறது.

மகளுக்குப் பிள்ளை பிறந்து 12 நாள். பால் காணாது போல. பின்னேரம் ஆனா பிள்ளை ஒரே அழுகை. இரவில மட்டும் ஒரு போத்தல் பால்மா கரைச்சுக் குடுத்தா என்ன?
— ஒரு பெத்தா, களுவாஞ்சிக்குடி

அழுகையை வைத்துப் பாலை அளக்க முடியாது. மூத்திரத்தை வைத்து அளக்கலாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணித்தியாலத்தில் ஆறு துணியாவது நன்றாக நனைய வேண்டும். மூத்திரம் வெளிறிய நிறமாக இருக்க வேண்டும். இன்று காலை ஆறு மணிக்குத் தொடங்கி நாளை ஆறு மணி வரை, நனைந்த துணி ஒவ்வொன்றுக்கும் கலண்டரில் ஒரு கோடு போடுங்கள். அடுத்தது நிறை. பிறந்த முதல் நாட்களில் பிள்ளை 7 முதல் 10 சதவீதம் வரை நிறை குறைவது வழமை. இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறைக்குத் திரும்பிவிடும். மருத்துவமாது வீட்டுக்கு வரும்போது நிறுத்துப் பதிவேட்டில் குறிக்கச் சொல்லுங்கள். கோடும் நிறையும் சரி என்றால் பால் காணும்.

பின்னேர அழுகைக்கு வேறு கணக்கு. அந்நேரத்தில் பல பிள்ளைகள் அரை மணிக்கு ஒருக்கா கேட்டுக் கேட்டுக் குடிக்கும். நெஞ்சு மெத்தென்று இருப்பதால் "வத்திப் போச்சு" என்று வீடு முழுக்கக் கதை பரவும். உண்மையில் பிள்ளை நாளைய பாலுக்கு இன்றே ஓடர் கொடுக்கிறது.

இரவுப் போத்தல்தான் ஆபத்து. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாகச் சுரக்கும். அந்த நேரத்தில் பிள்ளை போத்தலில் குடித்தால் நெஞ்சில் பால் தேங்கும். தேங்கிய பால், சுரப்பைக் குறைக்கச் சொல்லி உடம்புக்குத் தகவல் கொடுக்கும். நாலைந்து நாளில் பால் உண்மையாகவே குறையும். "நான் அப்பவே சொன்னன்" என்று சொல்லவும் வாய்ப்பு வரும்.

இனி, பிள்ளை நெஞ்சைப் பிடிக்கும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். மகள் முதுகைச் சாய்த்து இருக்கட்டும். பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்ட வேண்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில். கழுத்தைத் திருப்பிக்கொண்டு விழுங்குவது பெரியவர்களுக்கே கஷ்டம். மூக்கு முலைக்காம்புக்கு நேரே வர, காம்பால் மேலுதட்டைத் தடவினால் பிள்ளை கொட்டாவி விடுவது போல வாயைத் திறக்கும். அந்த நொடியில் பிள்ளையை நெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். நெஞ்சைப் பிள்ளைக்குக் கொண்டுபோகக் கூடாது. பிடித்த பிறகு நாடி நெஞ்சில் புதைந்திருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கருவளையம் கீழே விட மேலே கூடத் தெரியும். சப்பும்போது கன்னம் குழி விழுந்தாலோ, "டிக் டிக்" என்று சத்தம் வந்தாலோ, மகளுக்கு நொந்தாலோ, சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுக் கழற்றி மறுபடி பிடிக்க வையுங்கள். பின்தலையில் கைவைத்து அமத்த வேண்டாம். அமத்தினால் பிள்ளை பின்னுக்கு முறுக்கும். அதைப் பார்த்துப் பிள்ளைக்குப் பால் பிடிக்கவில்லை என்பார்கள்.

ஆறு துணி நனையவில்லை, எழுப்பினாலும் குடிக்காமல் தூங்குகிறது, மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கியிருக்கிறது என்றால் அன்றே ஆஸ்பத்திரி. மேலதிகப் பால் தேவையா என்று அங்கே முடிவெடுக்கட்டும்.

கச்சான் காத்து அடிக்குது. பிள்ளைக்கு நாலு மாதம். நாக்கு வறளுமே, ஒரு கரண்டி கொதித்தாறின தண்ணி?
— வாழைச்சேனை

வேண்டாம். தாய்ப்பாலில் கிட்டத்தட்ட 88 சதவீதம் தண்ணீர்தான். வெக்கைக்குப் பிள்ளை அடிக்கடி, கொஞ்ச நேரம் மட்டும் குடிக்கும். கேட்கிறபோதெல்லாம் கொடுத்தால் போதும். சின்ன வயிறு தண்ணீரால் நிறைந்தால் பாலுக்கு இடமில்லை. தண்ணீர்ச் செம்பைத் தாயின் பக்கத்தில் வையுங்கள்.

மருமகளுக்குப் பத்தியம் வைக்கிறம். தண்ணி கூடக் குடிச்சா வயிறு வைக்கும் எண்டு ஒரு நாளைக்கு ரெண்டு தம்ளர்தான் குடுக்கிறம். சரியா?
— ஒரு மாமி, ஆரையம்பதி

பத்தியச் சாப்பாட்டில் குறை சொல்ல அதிகமில்லை. சரக்கு அரைத்த கறி, உள்ளி, முருங்கையிலை வறை, பால்சுறாப் புட்டு எல்லாம் புரதமும் இரும்பும் உள்ளவை. ஒரு குறிப்பிட்ட மீன் பாலைக் கூட்டுகிறது என்பதைவிட, அதைச் சமைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கும் கையும், தாய் அசையாமல் இருக்கும் நேரமும் கூட்டுகின்றன. பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி மேலதிகமாக வேண்டும். வழமையான மூன்று வேளையோடு இன்னொரு சின்னச் சாப்பாடு என்று வையுங்கள். கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷாவை அவவே சாப்பிடட்டும், வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கிட வேண்டாம்.

தண்ணீர்த் தடை பிழை. வயிறு பெரிதாகத் தெரிவது கருப்பை சுருங்கும் வரைதான். பாலூட்டும்போது சுரக்கும் ஒக்ஸிடோசினே அதைச் சுருக்குகிறது. இரண்டு தம்ளர் தண்ணீரோடு நம்மூர் வெயிலில் கிடந்தால் மலச்சிக்கலும் மூத்திர எரிவும் வரும். தாகத்துக்குக் குடிக்க விடுங்கள். அளவு சொல்லியே ஆகவேண்டும் என்றால், ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு தம்ளர்.

பிள்ளை பிறந்தா வாயில தேன் தடவுறது எங்கட வழக்கம். மிட்வைஃப் வேணாம் எண்டு சொல்லிட்டா. தஹ்னீக் செய்ய ஏலாதா?
— ஒரு வாப்பா, சம்மாந்துறை

மிட்வைஃப் தடுத்தது தேனை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். உடம்பு தளர்ந்து மூச்சுக்கும் ஆபத்து. காய்ச்சினாலும் வித்துகள் சாகாது. தஹ்னீக் என்பது, பிறந்த பிள்ளையின் வாயில் இனிப்பைத் தடவும் முஸ்லிம் வழக்கம், பேரீச்சம்பழத்தைக் கொண்டு செய்வது. மருத்துவப்படி ஆறு மாதம் பாலைத் தவிர எதுவும் தேவையில்லை. செய்தே ஆகவேண்டும் என்றிருந்தால், பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் சீம்பால் முதலில் போகட்டும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவிய விரலில் ஒட்டும் சாறு மட்டும் போதும், சதைத்துண்டு போகக் கூடாது. சளி, இருமல், வாய்ப்புண் உள்ளவர் செய்யக் கூடாது.

சீம்பால் கொஞ்சமாக, மஞ்சளாக வருவதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். முதல் நாள் பிள்ளையின் வயிறு ஒரு தேக்கரண்டி அளவைத்தான் கொள்ளும்.

கார்மென்ட்ஸில வேலை. அடுத்த மாதம் திரும்பிப் போகணும். பிள்ளைக்கு மூண்டரை மாதம். காலையில ஏழு மணிக்குப் போனா நாலு மணிக்குத்தான் வருவன்.
— ஒரு தாய், அம்பாறை மாவட்டம்

முதலில் உரிமை. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்க்கு வேலைநாளில் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு: பிள்ளைக் காப்பகம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. வேலைக்குத் திரும்பும் நாளில் கேட்காமல், இரண்டு கிழமைக்கு முன்னமே எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, கையால் பால் எடுக்கப் பழகுங்கள். பம்ப் வாங்கக் காசு தேவையில்லை. கையைக் கழுவி, பெருவிரலை மேலும் மற்ற விரல்களைக் கீழுமாக, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்செலும்பை நோக்கிப் பின்னுக்குத் தள்ளி, பிறகு விரல்களைச் சேர்த்து அழுத்தி விடுங்கள். தோலில் விரலை வழுக்க விடாதீர்கள், நோகும். காம்பைப் பிழிந்தால் எதுவும் வராது. முதல் ஓரிரு நிமிடம் சொட்டுத்தான் வரும். அதோடு விட்டுவிடுபவர்கள்தான் "எனக்குக் கையால வராது" என்பவர்கள். ஓட்டம் குறைந்ததும் விரல்களைச் சுற்றி நகர்த்தி மற்ற இடங்களையும் அழுத்துங்கள்.

ஒன்று முதல் ஆறு மாதம் வரை பிள்ளை நாளொன்றுக்கு ஏறக்குறைய 750 மில்லிலீற்றர் குடிக்கும். ஒன்பது மணித்தியாலத்துக்கு 300 அளவு வைத்தால் போதும், 60 முதல் 100 வரையான சிறு பங்குகளாக. அறை வெப்பத்தில் நாலு மணித்தியாலம் வைக்கலாம் என்பது 25 பாகைக்குச் சொன்ன கணக்கு. நம்மூர் மத்தியானத்துக்கு அது பொருந்தாது. வேலைத்தலத்தில் குளிர்சாதனப் பெட்டி இல்லை என்றால், உறைந்த தண்ணீர்ப் போத்தல் இரண்டை ரெஜிபோம் பெட்டியில் வைத்து நடுவில் பால் போத்தலை வையுங்கள். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் நாலு நாள், கதவில் அல்ல, பின்பக்கத் தட்டில்.

எடுத்துக் கொடுக்கும்போது கொதிக்க வைக்க வேண்டாம். சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் போத்தலை வைத்தால் போதும். மேலே மிதக்கும் ஆடையைப் பார்த்துத் "திரைஞ்சு போச்சு" என்று ஊற்றிவிடுவார்கள். அது கொழுப்பு, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். சூப்பிப் போத்தலுக்குப் பதில் சின்னக் கோப்பையில் கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, விளிம்பைக் கீழுதட்டில் வைத்துப் பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சரிக்க வேண்டும். பிள்ளை தானே நக்கி உறிஞ்சும். வாய்க்குள் ஊற்றினால் புரைக்கும்.

ஒரு பக்க நெஞ்சு கல்லு மாதிரி. காய்ச்சலும். பால் கெட்டுப் போச்சு, குடுக்க வேணாம் எண்டு சொல்றாங்க.
— ஒரு தாய், திருக்கோவில்

பால் கெடவில்லை. கொடுப்பதை நிறுத்தினால்தான் நிலைமை மோசமாகும். பிள்ளை கேட்கும்படி வழமைபோல் இரு பக்கமும் கொடுங்கள், இடையில் குளிர்ந்த துணி போடுங்கள், பரசிற்றமோல் எடுக்கலாம். எண்ணெய் போட்டு உருவித் தேய்க்க வேண்டாம், வீக்கம் கூடும். 24 மணித்தியாலத்தில் குறையாவிட்டால் வைத்தியரிடம் போங்கள், அன்ரிபயற்றிக் தேவைப்படலாம். பாலூட்டுவதாக முதலிலேயே சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று பஸ்ஸில மனிசி பால் குடுத்தா எல்லாரும் பாக்கிறாங்க. பயணத்துக்கு மட்டும் போத்தல் கொண்டு போகலாமா?
— ஒரு தம்பி, மட்டக்களப்பு

பால்மாத் தூள் கிருமி நீக்கியது அல்ல. அதைப் பாதுகாப்பாகக் கரைக்க 70 பாகைக்குக் குறையாத சுடுதண்ணீர் வேண்டும். பிறகு ஆற்ற வேண்டும். மீதியை வைக்கக் கூடாது. குலுங்கும் பஸ்ஸில் சுடுதண்ணீர்ப் பிளாஸ்கோடு நீங்கள் படும் பாட்டைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள்.

மனைவியை யன்னல் பக்கம் இருத்துங்கள். வழிப் பக்கம் நீங்கள் இருந்து தோளைக் கொஞ்சம் திருப்புங்கள். அதைவிட நல்ல திரை கடையில் விற்பதில்லை. முன்பக்கம் சிப் வைத்த அபாயாவோ, மேலே தூக்கும் பிளவுஸும் சால்வையும் என்றாலோ கையளவு இடம்கூடத் தெரியாது. வீட்டில் கண்ணாடிக்கு முன் இரண்டு தரம் பழகட்டும். பிள்ளை கையைச் சப்பும்போதே தொடங்க வேண்டும். அழுகை கடைசி அடையாளம். கத்தும் பிள்ளைதான் பஸ் முழுவதையும் திரும்ப வைக்கும். தடித்த துணியால் பிள்ளையின் முகத்தை மூட வேண்டாம், வெக்கையில் மூச்சு முட்டும்.

திருவிழாவுக்குப் பாலூட்டும் அறை ஒண்டு கட்டித் தரச் சொல்றாங்க. என்ன தேவை?
— பரிபாலன சபை உறுப்பினர், மட்டக்களப்பு

மாமாங்கத் தீர்த்தம் போலச் சனம் நெருக்கும் இடங்களில் இது கட்டாயம். எட்டடிக்கு ஆறடி போதும். தகரமும் தறப்பாளும் அடுப்பாகிவிடும். கிடுகுக் கூரை, துணிச் சுவர், ஒரு காற்றாடி. கைப்பிடி உள்ள கதிரை இரண்டு, குழாய் வைத்த குடிதண்ணீர், மூடியுள்ள குப்பைத் தொட்டி, உள்ளே போடும் கொளுக்கி. மலசலகூடத்துக்கும் ஜெனரேற்றருக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். வாசலில் ஒரு பெண் தொண்டர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் நாளே அது கதிரை அடுக்கும் இடமாகவும் போன் சார்ஜ் போடும் இடமாகவும் மாறிவிடும். காணாமற்போன பிள்ளைகளை அறிவிக்கும் ஒலிபெருக்கியிலேயே இடத்தையும் அறிவியுங்கள்.

அறை இருக்கிறது என்பதற்காக, மண்டபத் தூணோரம் இருந்து பால் கொடுக்கும் தாயை எழுப்பி அனுப்பக் கூடாது. அறை அவவின் வசதிக்கு. மற்றவர்களின் கூச்சத்துக்கு அல்ல.

ஒண்டரை வயசுப் பிள்ளைக்கு இன்னும் பாலா எண்டு பகிடி பண்றாங்க.
— ஒரு உம்மா, காத்தான்குடி

உலக சுகாதார நிறுவனம் சொல்வது இரண்டு வயதும் அதற்கு மேலும். குர்ஆனின் 2:233 சொல்வதும் இரண்டு முழு ஆண்டுகள். பகிடி பண்ணுபவர் எந்தப் பக்கத்தால் வந்தாலும் பதில் இருக்கிறது.

வெள்ளம் வந்தா முகாம்களுக்குப் பால்மா சேத்துக் குடுக்கிறது எங்கட கழகத்தின் வழக்கம். வேணாம் எண்டு சுகாதாரப் பகுதி சொல்லுது. ஏன்?
— விளையாட்டுக் கழகம், மட்டக்களப்பு மாவட்டம்

கிணறுகள் வெள்ளத்தில் மூழ்கிய இடத்தில் பால்மாவைக் கரைக்க எந்தத் தண்ணீர்? போத்தலை அவிக்க எந்த அடுப்பு? வயிற்றோட்டம் அங்கேதான் தொடங்கும். பக்கத்துத் தாய்க்கு இலவசப் பக்கெற் கிடைத்ததைப் பார்த்து, நன்றாகப் பாலூட்டிக்கொண்டிருந்தவவும் கை நீட்டுவா. பக்கெற் முடியும்போது பாலும் குறைந்திருக்கும். பயத்தில் பால் வற்றிவிடும் என்பதும் சரியல்ல. பால் இறங்குவது கொஞ்சம் தாமதமாகலாம், அமைதியாக இருந்து தொடர்ந்து சப்பக் கொடுத்தால் திரும்ப ஓடும். தாயை இழந்த பிள்ளைக்கும், முன்பே பால்மா குடித்துவந்த பிள்ளைக்கும் தேவையானதைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் ஒவ்வொருவராகப் பார்த்துக் கொடுக்கும். சேர்த்த பணத்தில் ஒரு பங்கை அதற்கென்று கேட்டால் அவர்களிடம் கொடுங்கள். மிச்சத்துக்குப் போத்தல் தண்ணீர், பிஸ்கற், பருப்பு, சவர்க்காரம், பிள்ளைத் துணி, கட்டி மறைக்க நாலு பழைய சீலை.